தறி மார்க்

என்னிடம் தொழில் கற்ற ஜெபராஜ் போன வாரம் போன் செய்தான். மதுரை பைபாஸ் ரோட்டில் நான் ஆயுசில் பாதியைக் கழித்த கார் ஆடியோ கடையை இப்போது அவன்தான் நடத்துகிறான். "அண்ணே, ஒரு வண்டிக்கு முழு ஆக்டிவ் கேக்குறாங்க. ட்வீட்டருக்கு எம்புட்டு வாட்ஸ் போடலாம்?" என்று கேட்டான். லேப்டாப் ஒரு கணக்குச் சொல்கிறது, ஸ்பீக்கர் பெட்டியில் வேறொரு கணக்கு அச்சடித்திருக்கிறது, கஸ்டமரோ யூடியூபில் பார்த்துவிட்டு மூன்றாவதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார், எதை நம்புவது என்று அவனுக்குக் குழப்பம். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பழைய பயம் வந்துவிடும். ஏன் என்பதைப் போனில் சொல்ல முடியாது என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டில் எல்லோரும் விவசாயம். கிணற்றில் குதிக்கப் பயந்த ஒரே ஆள் நான்தான். ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு, டவுனுக்கு வந்து, இரண்டு மூன்று கடை மாறி, கடைசியில் லாரன்ஸ் அண்ணனிடம் சேர்ந்தேன். கார் ஆடியோவில் பயந்தவனுக்கு வேலைக்குப் பஞ்சமே கிடையாது. பேட்டரியிலிருந்து பின்பக்கம் டிக்கி வரை தடியாக ஒரு வயர் போகும். அது எங்கேயாவது தகரத்தில் உரசித் தோல் கிழிந்தால் வண்டியே பற்றிக்கொள்ளும். அதற்குத்தான் பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வைப்பது. வைத்திருப்பேன். வைத்ததை இரண்டு தடவை தொட்டும் பார்த்திருப்பேன். ஆனாலும் வண்டி கடை வாசலைத் தாண்டியதும் எனக்குள் புகைய ஆரம்பித்துவிடும். மறுநாள் காலையில் கஸ்டமருக்குப் போன் போட்டு, எரியிற வாடை எதுவும் வருதாண்ணே என்று விசாரிப்பேன். லாரன்ஸ் அண்ணன் சிரிப்பார். "செல்வம் ஒருத்தன் கடையில இருந்தா நமக்கு இன்சூரன்சே வேணாம்" என்பார்.

அவர் எங்கள் முதலாளி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. வேலையில் தப்பு கண்டால் கையில் இருக்கும் துணியை நான்காக மடித்து மேசையில் வைத்துவிட்டு, "சொல்லு" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு நான் நடுங்கிய நடுக்கம் எங்கள் அப்பாவிடம்கூட நடுங்கியதில்லை. அவருடைய மனைவி ஸ்டெல்லா டீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தார். டீச்சருக்குத் துணி மடிக்கிற தொந்தரவு இல்லை, பெஞ்சில் பிரம்பைத் தட்டினால் போதும்.

ஆக்டிவ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு லாரன்ஸ் அண்ணன் கல்யாண மேளத்தை வைத்துச் சொல்லுவார். ஸ்பீக்கர் மூன்று வகை, தவில் ஊஃபர், நாதஸ்வரம் மிட், ஜால்ரா ட்வீட்டர். சாதாரண செட்டில் ஒரே ஆம்ப்ளிஃபயர் மூன்று பேருக்கும் சேர்த்துச் சோறு போடும், நடுவில் கிராஸ்ஓவர் என்று ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்து பங்கு பிரிக்கும். ஆக்டிவில் அந்தப் பெட்டி கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர் லைன். சத்தம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் ட்வீட்டருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தடுப்பதற்கு ஒரு நாதியும் இருக்காது. ட்வீட்டர் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் தலைமுடி தண்டிதான். தவிலுக்குப் போகவேண்டிய லைன் தவறிப்போய் ட்வீட்டருக்கு வந்துவிட்டால் கண் சிமிட்டுவதற்குள் கருகிவிடும். அதனால் செல்லூரில் தறிக்கூடங்களில் கழிக்கும் கலர் நூலை வாங்கி வந்து ஒவ்வொரு லைனிலும் கட்டுவோம். ட்வீட்டருக்குச் சிவப்பு. முதன்முதலில் சுவிட்ச் போடும்போது சிவப்பு நூல் லைனில் நல்ல ட்வீட்டரை மாட்டவே கூடாது, ஒரு பழைய ஓட்டை ஸ்பீக்கரை மாட்டி, ஜால்ரா மட்டும்தான் வருகிறதா என்று கேட்ட பிறகே நல்லதை மாட்ட வேண்டும். இது அண்ணன் போட்ட சட்டம். எனக்குப் பிடித்த சட்டமும் இதுதான்.

எத்தனை வாட்ஸ் என்பதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. கடைக்குப் பின்னால் ஒரு பழைய அம்பாசிடர் நிற்கும். அதில் முழு ஆக்டிவ் செட் போட்டு, முன்னால் ஒரு பெரிய வால்யூம் திருகு வைத்திருந்தோம். கஸ்டமரை அதில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தி, ஒரு கல்யாண மேளத்தைப் போட்டு, உங்கள் மனசுக்கு நிறையும் வரை திருகுங்கள் என்று சொல்லிவிடுவார். அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு திருகுவார். கை ஓர் இடத்தில் நிற்கும். அண்ணன் பாட்டைக் கேட்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். அந்தக் கை நின்ற இடத்துக்கு மேல் இன்னும் தாராளமாக இடம் இருக்கிற ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுப்பார். ஆம்ப்ளிஃபயர் சின்னதாக இருந்து கஸ்டமர் கை பெரிதாக இருந்தால் அதற்கு மூச்சு முட்டும், சத்தம் மழுங்கிப் பிசிறு தட்டும், அந்தப் பிசிறுதான் ட்வீட்டரைக் கொல்லும் என்பார். பெரிய ஆம்ப்ளிஃபயரால் செத்ததைவிடச் சின்ன ஆம்ப்ளிஃபயரால் செத்த ட்வீட்டர்தான் ஜாஸ்தி என்பது அவர் கட்சி. அது சரியும்கூட. பெரும்பாலான கைகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். அந்த இடத்தில் திருகின் ஓரமாக ஒரு வெள்ளைப் புள்ளி வைத்திருந்தோம்.

ஒருநாள் செல்லூரிலிருந்து பவர்லூம் வைத்திருக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். அம்பாசிடரில் உட்கார்ந்து திருகினார். கை வெள்ளைப் புள்ளியைத் தாண்டியது, இன்னும் போனது, எங்கேயோ போய் நின்றது. மனிதர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பின் சீட்டில் அவருடைய மனைவி முந்தானையைச் சுருட்டிக் காதில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். எத்தனை வருஷமாகத் தறி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். விவரம் தெரிந்த நாளிலிருந்து என்றார் அவர். "உங்களுக்கு ஜால்ரா கேக்கணும்னு நான் ஏத்தினா வீட்டம்மாவுக்குக் காது போயிரும். உங்க காதைத் தறி தின்னுருச்சு. செட்டை அவங்க காதுக்குத்தான் வைப்பேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஆனால் அந்த ஆள் கோபப்படவில்லை. பின் சீட்டைத் திரும்பிப் பார்த்து, "அப்படித்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். அவர்கள் போனதும் அண்ணன் அவர் கை நின்ற இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தார். தறி மார்க் என்று அதற்குப் பேரும் வைத்தார். இதைத் தாண்டி ஒரு கை போனால் ஆம்ப்ளிஃபயரைப் பார்க்காதே, ஆளைப் பார் என்று என்னிடம் சொன்னார்.

அதற்கப்புறம் பல வருஷம் அந்தச் சிவப்புப் புள்ளிக்கு வேலையே வரவில்லை. கடைக்கு நல்ல பேர். திண்டுக்கல், தேனியிலிருந்தெல்லாம் அண்ணன் காதை நம்பி வண்டி வரும். வயர் இழுப்பது, மாட்டுவது, ஃபியூஸ் எல்லாம் என் பாடு. கடைசியில் ஒவ்வொரு லைனுக்கும் கெயின் என்கிற சின்னத் திருகை ஏற்றி இறக்கிச் சத்தத்தைச் சமன் செய்வது மட்டும் அவர் கை. அதில் நான் விரல் வைக்க மாட்டேன்.

அவனியாபுரத்தில் முருகேசன் என்று ஒருவர், ஏர்போர்ட்டுக்கு டாக்சி ஓட்டி முன்னுக்கு வந்தவர். சொந்தத்துக்கு வாங்கிய புது வண்டிக்கு முழு ஆக்டிவ் கேட்டார். அவர் கை வெள்ளைப் புள்ளிக்குக் கீழேயே நின்றுவிட்டது. அதற்குத் தகுந்த மாதிரி ட்வீட்டருக்கு அடக்கமாக ஒரு ஆம்ப்ளிஃபயர் போட்டேன். அண்ணன் சமன் செய்ய உட்கார்ந்தார். கெயினை ஏற்றினார், இன்னும் ஏற்றினார். வெளியே நின்ற எனக்கே ஜால்ரா கூசியது. அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு இறங்கினார்.

வண்டி சீக்கிரமே திரும்பி வந்தது. இரண்டு ட்வீட்டரும் கருகியிருந்தன. அண்ணன் ஒன்றைப் பிரித்து மோந்து பார்த்தார். "மூச்சு முட்டியிருக்கு. ஆம்ப் பத்தல. பெருசாப் போடு" என்றார். போட்டேன். மறுபடி சமன் செய்தார். இந்தத் தடவை நானும் வண்டிக்குள் இருந்தேன். ஜால்ராவின் ஒவ்வொரு தட்டும் பல்லில் ஆணி வைத்து அடிப்பது போல் இருந்தது. அவர் நெற்றியைச் சுருக்கி, இன்னும் மழுக்கமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஏற்றினார்.

எனக்கு வந்த முதல் சந்தேகம் அவர் மேல் இல்லை, என் மேல்தான். அம்புட்டுப் பெரிய காதுக்கு மழுக்கமாக இருப்பது எனக்குக் கூசுகிறது என்றால் கோளாறு யாரிடம்? அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் அம்பாசிடரில் உட்கார்ந்து திருகிப் பார்த்தேன். கை வெள்ளைப் புள்ளியில் நின்றது. அப்பாடா என்று ஒரு நொடி இருந்தது. அடுத்த நொடியில்தான் நிஜமான பயம் வந்தது. என் காது சரியென்றால் மற்றது என்ன என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. இறங்கி வந்து பேசாமல் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

அதன் பிறகு நான் பார்க்க விரும்பாததெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. மேசை மேல் அவர் செல்போன் அலறும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், எடுக்க மாட்டார். டீச்சர் ஒரு தடவை கடைக்கு வந்தபோது, குக்கர் விசிலை எண்ணச் சொன்னால் உங்கள் அண்ணன் பருப்பைக் கரியாக்குகிறார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது? அந்த மனிதரிடம் காதைத் தவிர என்ன இருந்தது? கடை, பேர், அவர் நடக்கிற நடை, எல்லாமே அந்தக் காதில்தான் நின்றது. அதோடு, அவர் துணியை நான்காக மடித்து வைத்துவிட்டு "சொல்லு" என்றால் நான் என்ன சொல்வேன்?

முருகேசன் மறுபடி வந்தார். இரண்டாவது ஜோடியும் போய்விட்டது. அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "எம் மக வண்டியில ஏற மாட்டேங்குறாண்ணே. ஸ்கூலுக்கு ஷேர் ஆட்டோலதான் போவேன்னு அழுகுறா. பாட்டுப் போட்டா காதைக் குத்துதாம்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் போனதும் அண்ணன், இருப்பதிலேயே பெரிய ஆம்ப்ளிஃபயரை எடுத்து வை, திங்கட்கிழமை மாட்டுவோம் என்றார். இனிமேல் விஷயம் ட்வீட்டரோடு நிற்காது, பச்சைப் பிள்ளை காதுக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சரிண்ணே என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. மத்தியானம் அண்ணன் கூப்பிட்டார், கடைக்கு வா என்றார். சர்ச்சில் பூசை முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு அம்பாசிடரில் ஏறி உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்து சீட்டில் உட்காரச் சொன்னார். "இன்னைக்கு நான் கஸ்டமர். நீ கையைப் பாரு" என்று சொல்லி மேளத்தைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

திருகு நகர்ந்தது. தவில் என் நெஞ்சில் அடித்தது. வெள்ளைப் புள்ளிக்கு வந்தது, நிற்கவில்லை. நின்றுவிடு, நின்றுவிடு என்று மனசுக்குள் கும்பிட்டேன். அவர் விரல்கள் நிதானமாக, ஒரு குழந்தையின் கன்னத்தைத் திருப்புவது போல் திருப்பிக்கொண்டே போயின. சிவப்புப் புள்ளியையும் தாண்டியது. கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நின்றது. அவர் முகத்தில் செல்லூர்க்காரரிடம் பார்த்த அதே நிம்மதி வந்தது. "இப்பத்தான் ஜால்ரா வருது" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினார்.

நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். எப்போது பொத்தினேன் என்று எனக்கே தெரியாது. எடுக்கவேண்டும் என்று தோன்றியது, ஆனால் எடுக்க முடியவில்லை, அவ்வளவு சத்தம்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு திருகைப் பார்த்தார். பாட்டை நிறுத்தினார். வண்டிக்குள் சத்தம் அடங்கிய பிறகும் என் காது ஙொய் என்று இரைந்தது.

"தறி மார்க்கா?" என்றார்.

"தாண்டிருச்சுண்ணே."

கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எம்புட்டு நாளாத் தெரியும் என்று கேட்டார். முதல் ஜோடி கருகினதிலிருந்து என்றேன். என்னிடம் சொல்லப் பயமா என்றார். ஆமாண்ணே என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கும் பயந்தான். கோயில்ல நடுப்பூசையில சின்ன மணி அடிப்பாங்க. ரொம்ப நாளாவே கேக்கல. மணி அடிக்கிற பையனை மாத்திட்டாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். துணியை மடிக்காமல் அப்படியே சீட்டில் போட்டுவிட்டு இறங்கினார்.

திங்கட்கிழமை முருகேசன் மகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். பெரிய ஆம்ப்ளிஃபயர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. பழைய சின்னதையே போட்டு, சிவப்பு நூல் லைனில் ஓட்டை ஸ்பீக்கரை மாட்டிக் கேட்டு, பிறகு புது ஜோடியை மாட்டினேன். அந்தப் பிள்ளை பின் சீட்டில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு, பாட்டுப் போடுவதற்கு முன்னாலேயே தோளைத் தூக்கிக் காதை மூடிக்கொண்டது. அதைப் பார்த்த அண்ணன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. முருகேசனைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, உங்க வண்டியில ஒண்ணும் குத்தமில்ல. என் காது போயிருச்சு. அது தெரியாம ஏத்தி வச்சுட்டேன்" என்றார். நான் கெயினைத் துளித்துளியாக ஏற்றினேன். அவர் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு அந்தப் பிள்ளையின் தோளையே பார்த்தார். தோள் மெல்ல இறங்கியது. அதற்கு மேல் வேண்டாம் என்று எனக்குக் கை காட்டினார். அவர் சமன் செய்த கடைசி வண்டி அதுதான், காதே இல்லாமல்.

இனிமேல் நீதான் என்று என்னிடம் சொல்லிவிட்டார். மற்றவர்கள் அதைப் பதவி உயர்வு என்றார்கள். நான் தூக்கம் தொலைத்தேன். அதுவரைக்கும் நான் தப்பு செய்தால் கேட்க எனக்கு மேலே ஒரு காது இருந்தது. இப்போது இல்லை. என் காது தேய்ந்தால் எனக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரியவில்லையே! ஆம்ப்ளிஃபயர் பத்தவில்லை என்றுதானே எனக்கும் தோன்றும்? பொங்கலுக்கு அவனியாபுரம் பக்கம் போனால் ஜல்லிக்கட்டு மைக்குக்குப் பயந்து பஞ்சு வைத்துக்கொள்வேன். கல்யாணத்தில் மேளக்காரர்களுக்கு எட்டாத பந்தியாகப் பார்த்து உட்காருவேன். வீட்டில் மிக்சி ஓடினால் தெருவுக்கு வந்துவிடுவேன். சட்னி அரைக்கும்போதெல்லாம் ஓடிப்போகிற ஆம்பளை என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். மாதம் ஒரு தடவை அம்பாசிடரில் உட்கார்ந்து கண்ணை மூடித் திருகுவேன். பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக் கையைப் பார்க்கச் சொல்வேன். வெள்ளைப் புள்ளி, வெள்ளைப் புள்ளி என்று வருஷங்கள் போயின.

ஜெபராஜ், நீ கேட்டதற்குப் பதில் இதுதான். ட்வீட்டருக்குச் சின்னதும் இல்லாமல் பெரியதும் இல்லாமல், அந்த வண்டியில் ஏறுகிறவர்களிலேயே நல்ல காது யாருக்கோ அவர் கை நிற்கிற இடத்துக்கு மேல் கொஞ்சம் மூச்சு விட இடம் வைத்துப் போடு. சத்தம் மழுக்கமாகத் தெரிந்தால் உடனே பெரிய பெட்டியைப் பிரிக்காதே. முதலில் உன்னைப் பார்.

நான் ஏன் திடீரென்று வேலையை விட்டேன் என்று நீ பல தடவை கேட்டாய், முழங்கால் வலி என்றேன். அன்றைக்கு நீ தேனிக்குப் போயிருந்தாய். லாரன்ஸ் அண்ணன் சும்மா கடைப்பக்கம் வந்தார். இரண்டு காதிலும் மிஷின் மாட்டியிருந்தார், அதில் எல்லாம் கேட்கிறது, டீச்சர் திட்டுவதுகூட என்று சிரித்தார். அந்த மாதத்துக்கான சோதனையை நான் இன்னும் செய்திருக்கவில்லை. இவரைவிட நல்ல சாட்சி யார் என்று தோன்றியது. அண்ணே, கையைப் பாருங்கள் என்று பக்கத்தில் உட்கார வைத்து, அதே மேளத்தைப் போட்டுக் கண்ணை மூடினேன். தவில் வந்தது. நாதஸ்வரம் வந்தது. ஜால்ராவுக்காகத் திருகினேன். வந்ததும் நிறுத்தினேன். நன்றாக, சுத்தமாக இருந்தது.

கண்ணைத் திறந்தேன். திருகைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, அவரைத்தான் பார்த்தேன். அண்ணன் இரண்டு காது மிஷினையும் கழற்றி உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கடையின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டை நிறுத்திவிட்டு, "எங்கண்ணே நின்னுச்சு?" என்று கேட்டேன்.

மிஷின் கையில் இருந்ததால் அவருக்கு அது கேட்கவில்லை. நான் இன்னொரு தடவை கேட்கவில்லை.